சான்யாவில் எந்தக் கடற்கரையில் தங்குவது?

சான்யாவுக்குப் போவதென்று முடிவானதும் எல்லாரும் முதலில் ஹோட்டல் தேட ஆரம்பிக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்கிறார்கள், நீச்சல் குளத்தின் படம் பார்க்கிறார்கள், தள்ளுபடி பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த விரிகுடாவில் தங்கப் போகிறோம்? அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் சுமாரான ஹோட்டல்கூடப் போதும். அது தவறிப்போனால் எவ்வளவு நல்ல அறையானாலும் தினமும் டாக்ஸியில் உட்கார்ந்தே பாதி விடுமுறை போய்விடும்.

சீனாவின் ஹைனான் தீவில், தென்கோடியில் இருக்கும் நகரம் சான்யா. ஊர் கடலோரமாகவே நீண்டு கிடக்கிறது. மேற்கே விமான நிலையத்தை ஒட்டிச் சான்யா விரிகுடா. நகரத்தின் மடியிலேயே தாதோங்ஹாய். கிழக்கே மலைகளைத் தாண்டினால் யாலோங் விரிகுடா. இன்னும் வடகிழக்கே போனால் ஹைதாங் விரிகுடா. நான்குமே ஒரே நகரத்தின் எல்லைக்குள் இருப்பவை. ஆனால் கடல் வேறு, மணல் வேறு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவும் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர்கள், அதுவும் வயதான அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப் போகிறவர்கள், தாதோங்ஹாயில் தங்குங்கள். கடலில் இறங்கிக் குளிப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் யாலோங். மற்ற இரண்டும் தனித்தனி ஆட்களுக்கு உரியவை. யாருக்கு எது பொருந்தும் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கடல் எப்படி இருக்கும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று ஹைனானின் வடக்கிலும் கிழக்கிலும் மோதுகிறது. தீவின் வடகோடியில் இருக்கும் தலைநகர் ஹைகோ அந்த மாதங்களில் பெரும்பாலும் மேகமூட்டமாக, ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிர்ந்து கிடக்கும். சான்யாவுக்கு முதுகுப்புறமாக வூஜி மலைத்தொடர் 1,800 மீட்டருக்கு மேல் எழுந்து நின்று குளிர்காற்றைத் தடுத்துவிடுவதால், ஜனவரியிலும் சராசரி வெப்பநிலை 21, 22 டிகிரி இருக்கும், வெயிலும் அடிக்கும். பனியில் உறைந்து கிடக்கும் வடசீனா முழுக்க இந்த ஊரைத் தேடி வருவதற்குக் காரணம் இதுதான். ஆனால் அதே காற்று கிழக்கைப் பார்த்த ஹைதாங்கின் கடலைக் கிளப்பிவிடுகிறது. மலைகள் அணைத்திருக்கும் யாலோங்குக்கும், தென்மேற்கைப் பார்த்த சான்யா விரிகுடாவுக்கும் அந்தத் தொல்லை குறைவு.

ஆகவே ஹைதாங்கைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவதும், அதிகம் பேர் ஏமாந்து திரும்புவதும் அங்கேதான். பெரிய பெரிய ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கின்றன. 2018-இல் திறந்த அட்லாண்டிஸில் மட்டுமே 1,314 அறைகள். அதற்குள்ளேயே தண்ணீர்ப் பூங்கா, பிரம்மாண்டமான மீன் காட்சியகம். 2014-இல் திறந்த சுங்கவரியில்லாக் கடை வளாகம் அடுத்த ஈர்ப்பு. ஹைனானைவிட்டுச் சீனப் பெருநிலத்துக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு 1,00,000 யுவான் வரை வரியில்லாமல் பொருள் வாங்கலாம் என்ற விதி 2020-இல் வந்த பிறகு, ஷாங்காயிலிருந்தும் பெய்ஜிங்கிலிருந்தும் அழகுசாதனப் பொருள் வாங்குவதற்காகவே விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு.

கடல்? பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே ஆழம் சட்டென்று கூடிவிடுகிறது. அலை ஆளை இழுக்கிறது. பல நாட்கள் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருக்கும். காவலாளிகள் முழங்கால் அளவுத் தண்ணீருக்கு அப்பால் விடமாட்டார்கள். அவர்கள் செய்வது சரிதான். இங்கே ஒவ்வொரு ஹோட்டலும் இத்தனை பெரிய நீச்சல் குளம் வெட்டி வைத்திருப்பதற்குக் காரணம் அந்தக் கடல்தான். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், காலை முதல் சாயங்காலம் வரை சறுக்குமரமும் தண்ணீரும் இருந்தால் போதும் என்கிற குடும்பம், ஹோட்டலைவிட்டு வெளியே வரும் எண்ணமே இல்லை என்றால் ஹைதாங் நல்ல தேர்வு. வேறு எவருக்கும் நான் அதைச் சொல்லமாட்டேன். நகரத்திலிருந்து 30 கி.மீ. தள்ளி இருக்கிறது. ராத்திரி வெளியே நடந்துபோய் ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிடலாம் என்று நினைத்தால் ரிசார்ட்டுகளுக்கு நடுவே அகலமான, ஆளில்லாத சாலைதான் இருக்கும்.

யாலோங் அப்படியில்லை. சான்யாவின் கடல் என்று சொன்னால் அது யாலோங்தான். ஏறக்குறைய ஏழரை கி.மீ. நீளத்துக்குப் பிறை வடிவில் வெள்ளை மணல். மூன்று பக்கமும் பச்சை மலை. எதிரே அலையை உடைக்கும் சிறு தீவுகள். தண்ணீர் தெளிவாக இருக்கும். 1990-இல் அமைக்கப்பட்ட பவளப்பாறைத் தேசியக் காப்பகத்தில் இந்த விரிகுடாவின் பகுதியும் அடக்கம். 1992-இல் சீன அரசு இதைத் தேசிய உல்லாசப் பயண மண்டலமாக அறிவித்ததிலிருந்துதான் சான்யாவின் சுற்றுலாக் கதையே சூடு பிடித்தது. 2003-இல் உலக அழகிப் போட்டி முதன்முதலாகச் சீனாவுக்கு வந்தது சான்யாவில்தான். 2011 ஏப்ரலில் பிரிக்ஸ் நாடுகளின் மாநாடும் இங்கே கூடியது. மன்மோகன் சிங் வந்திருந்தார், தென்னாப்பிரிக்கா உறுப்பினராகக் கலந்துகொண்ட முதல் மாநாடு அது.

காலை ஏழு மணிக்கு யாலோங்கில் கடலுக்குள் நடந்து போய்ப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலடி மணலில் உங்கள் கால்விரல்கள் தெரியும். நீச்சல் தெரியாதவர்களும் பயமில்லாமல் நிற்கலாம். ஆனாலும் மிதவைக் கயிற்றைத் தாண்டக் கூடாது. ஜெட் ஸ்கீ ஓடும் பகுதி அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

குறைகளும் இருக்கின்றன. கடற்கரையை ஒட்டிய இடம் முழுக்க ஹோட்டல்கள். கடற்கரை பொதுச் சொத்துதான். நடுவில் இருக்கும் சதுக்கம் வழியாக யார் வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் சாப்பாடு ஹோட்டலுக்குள், அல்லது ஹோட்டலை நம்பி நடக்கும் சில கடைகளில். நகரத்தில் சாப்பிடுவதைப்போல இரண்டு மடங்கு செலவு என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனால் மனக்கசப்பு இருக்காது. ரயிலில் வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அதிவேக ரயில் தடத்தில் யாலோங் விரிகுடா என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது கடற்கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. டாக்ஸி இல்லாமல் முடியாது. விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் கடற்படைத் தளம் இருப்பதால் டிரோன் பறக்கவிடும் ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம்.

இனி தாதோங்ஹாய். யாலோங் போல வெள்ளை மணல் கிடையாது, அமைதி கிடையாது, மாலை நேரத்தில் ஜனக்கூட்டம். இத்தனை இருந்தும் ஏன் இதைச் சொல்கிறேன்? இங்கே தங்கினால்தான் சான்யா என்ற ஊர் கிடைக்கும்.

இரு மலைகளுக்கு நடுவே இரண்டு கி.மீ. சொச்சம் நீளத்துக்கு வளைந்த கடற்கரை. குளிக்கும் பகுதிக்குக் கயிறு கட்டி, காவலர் நிற்கிறார்கள். கடலிலிருந்து வெளியே வந்து ஈரத் துண்டோடு தெருவைக் கடந்தால் பழக்கடை, மருந்துக்கடை, தேநீர்க் கடை எல்லாம் இருக்கிறது. ரஷ்யர்களுக்குப் பிடித்த இடம் என்பதால் கடைப் பலகைகளில் சீன எழுத்துக்குக் கீழே ரஷ்ய எழுத்து. பாதி கடைக்காரர்கள் வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் ரஷ்ய மொழியில்தான் கூப்பிடுவார்கள். பக்கத்திலேயே லூஹுய்தோ குன்று. தீவின் பழங்குடியான லீ இனத்து வேடன் ஒருவன் மலையிலிருந்து மானைத் துரத்திக்கொண்டு கடல்முனை வரை வந்தான். போக வழியில்லாமல் திரும்பிப் பார்த்த மான் பெண்ணாக மாறியது என்பது அந்த இடத்தின் கதை. உச்சியில் அந்தக் கதைக்கு ஒரு கற்சிலை உண்டு. இருட்டிய பிறகு ஏறினால் விளக்கு எரியும் நகரமும் துறைமுகமும் மொத்தமாகக் காலடியில் தெரியும்.

தாதோங்ஹாயிலிருந்து டாக்ஸியில் கொஞ்ச நேரத்தில் முதலாம் சந்தை. சான்யாவுக்கு வந்து இதைப் பார்க்காமல் போகக் கூடாது. மீன், நண்டு, கணவாய், சிப்பி, கல் இறால் எல்லாம் உயிரோடு தொட்டியில் கிடக்கும். நீங்கள் கையைக் காட்டினால் வலையால் அள்ளித் தராசில் போடுவார்கள். அதைப் பையில் வாங்கிக்கொண்டு பக்கத்துச் சமையல் கடைக்குப் போனால், ஆவியில் வேகவைப்பதா, பூண்டு போட்டு வாட்டுவதா, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு வதக்குவதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சமையல் கூலி வாங்கிக்கொண்டு சமைத்துத் தருவார்கள். காரம் வேண்டும் என்றால் ஹைனானின் மஞ்சள் மிளகாய்ச் சட்னியைக் கேளுங்கள். பார்க்க மாம்பழக் கூழ் மாதிரி இருக்கும். நம் நாக்குக்கே சுரீரென்று ஏறும்.

சந்தையில் கவனிக்க வேண்டியது விலைப் பலகை. அங்கே எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு ஜின்னுக்கு, அதாவது 500 கிராமுக்கு. கிலோ விலை என்று நினைத்தால் கணக்கு இரண்டு மடங்காகிவிடும். தண்ணீரும் பையும் சேர்த்து நிறுக்கவிடாமல், வடித்துவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். சமையல் கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2012 சீனப் புத்தாண்டு சமயத்தில் மூன்று சாதாரணக் கறிக்கு ஏறக்குறைய 4,000 யுவான் வாங்கிவிட்டார்கள் என்று இணையத்தில் ஒருவர் எழுதப்போய், நாடு முழுக்கச் சான்யாவின் பெயர் கெட்டது. அதன் பிறகு அரசு கெடுபிடியைக் கூட்டியிருக்கிறது. 12345 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம். டாக்ஸி டிரைவர் தானாக முன்வந்து சிபாரிசு செய்யும் கடல் உணவுக் கடைக்கு மட்டும் போகாதீர்கள், அது இன்றைக்கும் பொருந்தும்.

சாப்பிட்டு முடித்ததும் சிங்பூலியாங் ஒரு கிண்ணம். குளிர்ந்த தேங்காய்ப் பாலில் செம்பயறு, பாசிப்பயறு, ஜவ்வரிசி, தர்பூசணித் துண்டு என்று போட்டுத் தருவார்கள். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடித்துவிடும். அவர்கள் ஊர்க் கோழிச் சோற்றுக்கு மூலமே ஹைனானின் வென்சாங் கோழிதானே. இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் கொண்டுபோனது அது.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரை வதக்கலில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இங்கே சகஜம். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் தெளிவாக எழுதிக் காட்டுங்கள். தாதோங்ஹாயில் கடைகள் பல இருப்பதால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று; ஹைதாங்கில் அந்த வசதி கிடையாது.

சான்யா விரிகுடாவைப் பல பேர் ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். மணல் கொஞ்சம் கரடுமுரடு, தண்ணீர் கலங்கல், ஃபீனிக்ஸ் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் தலைக்கு மேல் விமானச் சத்தம். எல்லாம் உண்மை. ஆனால் நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கும், நடப்பதற்கு ஆசைப்படும் பெரியவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் கிடையாது. இருபது கி.மீ. நீளத்துக்குக் கடலோரம் முழுக்கத் தென்னை. வாடகை அடுக்குமாடி வீடுகள் மலிவு. கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். கிழக்கு விரிகுடாக்களில் அந்தக் காட்சிக்கு இடமில்லை.

அதைவிட என்னை இழுப்பது அங்கிருக்கும் மனிதர்கள். ஹெய்லோங்ஜியாங், ஜிலின், லியாவோநிங் என்று வடகிழக்கு மாகாணங்களிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் குளிர் தொடங்கியதும் கூட்டம் கூட்டமாக வந்து நாலைந்து மாதம் தங்கிவிடுகிறார்கள். மைனஸ் 20 டிகிரிக் குளிரிலிருந்து தப்பி வந்தவர்கள். சாயங்காலம் ஆனால் தென்னை மரத்தடியில் ஒருவர் சாக்ஸஃபோன் ஊதுவார், நாலு பேர் அக்கார்டியன், பக்கத்தில் நாற்பது ஐம்பது பாட்டிமார் வரிசை கட்டி நடனம். மூட்டுவலி இருக்கிற அம்மாவைக் கூட்டிப்போய் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நிறுத்திப் பாருங்கள், அரை மணி நேரத்தில் யாராவது கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வடகிழக்கு ஆட்கள் நடத்தும் கொழுக்கட்டைக் கடைகளும் அந்தப் பக்கம் நிறைய.

விமான நிலையத்துக்கும் இந்த விரிகுடாவுக்கும் இடையில் இரண்டு முஸ்லிம் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே வாழும் உத்சாத் மக்கள் மத்திய வியட்நாமின் சம்பா நாட்டிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் கடல் வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் பேசும் மொழி சீனத்துக்கு உறவில்லை, சாம் மொழிக்கும் மலாய்க்கும்தான் உறவு. தலையில் துணி கட்டிய பெண்கள் மாம்பழமும் பலாவும் விற்பதைப் பார்க்கலாம். ஹலால் சாப்பாடு வேண்டும் என்கிற தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் யோசிக்கவே வேண்டாம், சான்யா விரிகுடாவின் இந்தப் பக்கம்தான் உங்களுக்கு. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சி நூடுல்ஸும் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

இளைஞர்கள் சிலர் இந்த நான்கையும் விட்டுவிட்டு ஹைதாங்கின் தென்கோடியில் இருக்கும் ஹௌஹாய் கிராமத்துக்குப் போகிறார்கள். சின்னச் சந்துகள், வாடகை அறைகள், அலைச்சறுக்குப் பள்ளிகள். ஆரம்பப் பாடத்துக்கு ஏற்ற அலை. ராத்திரிச் சத்தம் அதிகம், குழந்தைகளோடு போகும் இடமில்லை. சின்ன விடுதிகளுக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் போலீஸில் பதிவு செய்து பழக்கம் இருக்காது. பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

பார்க்கப் போகும் இடங்களின் தூரத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். நன்ஷான் கோயிலும், கடலுக்குள் 108 மீட்டர் உயரத்தில் மூன்று முகத்தோடு நிற்கும், பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் சிலையும் நகரத்திலிருந்து 40 கி.மீ. மேற்கே. பழைய இரண்டு யுவான் நோட்டின் பின்புறத்தில் இருந்த பாறை நிற்கும் தியன்யா ஹாய்ஜியாவும் அதே திசைதான். பவளம் பார்க்கப் போகும் வூஜிஜோ தீவுக்குப் படகு ஏறும் துறையோ எதிர்த்திசையில், ஹைதாங் பக்கம். ஹைதாங்கில் தங்கி நன்ஷான் போவதென்றால் ஊரை முழுசாகக் குறுக்கே கடக்க வேண்டும். போக வர அரை நாள் சாலையிலேயே போகும். தாதோங்ஹாய் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நன்ஷானைத் தவறவிடாதீர்கள் என்று மனதாரச் சொல்வேன். 2005-இல் முடிந்த சிலைதான், பழமை ஒன்றும் இல்லை. ஆனால் பாதம் வரை ஏறிப்போய் அண்ணாந்து பார்க்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது. வளாகத்துக்குள்ளேயே நல்ல சைவ உணவகமும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வூஜிஜோவுக்குப் போகாமலும் பவளத்தைப் பார்க்கலாம். கூட்டம் பிடிக்காதவர்கள் சான்யா விரிகுடாவுக்கு எதிரே இருக்கும் மேற்குத் தீவுக்குப் போகலாம். அங்கே இன்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. பவளக்கல்லால் கட்டிய பழைய வீடுகள் நிற்கின்றன.

விசா விஷயத்தில் மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் கவலை இல்லை. ஹைனானுக்கு 30 நாள் விசாயில்லா நுழைவு தரும் 59 நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. முன்கூட்டியே சீன விசா எடுத்தாக வேண்டும். பணத்துக்கு, அலிபே என்ற சீனப் பணப் பரிமாற்றச் செயலியில் உங்கள் வெளிநாட்டு அட்டையைக் கிளம்புவதற்கு முன்பே இணைத்துவிடுங்கள். சந்தையில் மீன் விற்கும் அம்மாவும் க்யூஆர் குறியைத்தான் நீட்டுவார்.

எப்போது போவது என்பதைப் பொறுத்து என் பதில் கொஞ்சம் மாறும். நவம்பர், டிசம்பரில் போகிறவர்களுக்கு நான்கு ராத்திரி இருந்தால், முதல் இரண்டு தாதோங்ஹாய், அடுத்த இரண்டு யாலோங் என்று பிரித்துக்கொள்ளச் சொல்வேன்; ஊரைப் பார்த்து முடித்த பிறகு கடலில் கிடக்கலாம். சீனப் புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறும். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையும் அப்படித்தான். அந்த இரண்டு வாரங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை புயல் காலம், வாடகை மலிவாக இருக்கும். அப்போது போவதானால் யாலோங்கில் கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கட்டாதீர்கள். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்குவதற்குக் கடைத்தெரு இருக்கும் தாதோங்ஹாயிலேயே, பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையோடு பதிவு செய்யுங்கள்.